கடல் குறிப்பேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

நான் 28 ஆண்டுகள் வேலை பார்த்த கடல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அவர்களுக்கும், பழைய ஆவணங்களை அகற்ற அமைக்கப்பட்ட குழுவினருக்கும்,

ஐயா,

போன புதன்கிழமை பென்ஷன் வேலையாக அலுவலகம் வந்திருந்தேன். கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டிய அறையில் பதினோரு கோணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. வாய் கட்டிய மூட்டைகள் மேல் மார்க்கரால் எடை எழுதியிருந்தார்கள். 32 கிலோ, 28 கிலோ, 35 கிலோ. இன்னும் கட்டாத ஒரு மூட்டையிலிருந்து நீல அட்டை நோட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. உருவிப் பிரித்தேன். உள்ளே இருந்தது என் கையெழுத்து.

அவையெல்லாம் ஆய்வுக் கப்பல் பயணங்களின் லாக் புக்குகள். ஏன் மூட்டையில் இருக்கின்றன என்று விசாரித்தபோது மூன்று பதில்கள் கிடைத்தன. பத்தாண்டு கடந்த கோப்புகளை அழிக்கலாம் என்று அலுவலக விதி இருக்கிறதாம். 2023 டிசம்பர் மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் பாழாகிவிட்டதாம். எப்படியும் தரவு முழுவதும் கணினியில் ஏற்றியாகிவிட்டதாம். மறுநாளே எழுத்து மூலம் மனு கொடுத்தேன். 'பெறப்பட்டது' என்ற முத்திரைக்கு மேல் எதுவும் வரவில்லை. மூட்டைகளை எடுக்க இந்த மாதக் கடைசியில் வண்டி வரும் என்கிறார்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதற்குத் தலைக்குனிவு வரவேண்டும் என்பது என் எண்ணமில்லை. நோட்டுகள் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கப்பல் ஏறியிருக்க வாய்ப்பில்லை. அந்த நோட்டுகளில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நான் சொல்கிறேன்.

வங்காள விரிகுடாவில் குறித்த இடத்தில் கப்பல் வந்து நிற்கும். அதை நாங்கள் ஸ்டேஷன் என்போம். கீழே மூவாயிரம் மீட்டர் தண்ணீர், நங்கூரம் எட்டாது. இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டித்தான் கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைப்பார்கள். சி.டி.டி. என்ற கருவியை வின்ச் (கம்பியைச் சுற்றி இறக்கி ஏற்றும் இயந்திரம்) கம்பியில் கட்டி இறக்குவோம். தண்ணீரின் மின்கடத்துத்திறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அது நொடிக்கு 24 தடவை அளந்து மேலே அனுப்பும். கடத்துத்திறனை வைத்து உப்புத்தன்மையைக் கணக்கிடுவோம், அழுத்தத்தை வைத்து ஆழத்தை. கருவியைச் சுற்றி வட்டமாக நிஸ்கின் குப்பிகள் இருக்கும். நீளமான பிளாஸ்டிக் குழாய்கள் அவை, இரண்டு முனையும் திறந்தபடியே கீழே போகும். திரும்பி ஏறும்போது வேண்டிய ஆழத்தில் வின்ச்சை நிறுத்தச் சொல்லி, லேபில் இருந்து பொத்தானை அழுத்தினால் ஒரு குப்பி மூடிக்கொண்டு அந்த ஆழத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சென்சார் சொன்னது உண்மையா என்று அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பிறகு சரிபார்ப்போம்.

கருவி டெக்கில் ஏறியதும் எல்லாரும் பாட்டில்களோடு வரிசையில் நிற்போம். ஆக்சிஜனுக்கு எடுப்பவர் முதலில், ஏனென்றால் காற்றுக் குமிழி கலந்தால் அந்த மாதிரி வீண். உப்புத்தன்மைக்கு எடுப்பவர் கடைசியில். அந்தக் கடைசி ஆள் பல வருஷம் நான்தான். சின்னக் கண்ணாடி பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும். கழுத்து வரை நிரப்பி, வாயைத் துடைத்து, இறுக்கி மூட வேண்டும். விளிம்பில் ஒரு சொட்டு காய்ந்து உப்புப் படிந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அப்புறம் பாட்டில் எண், குப்பி எண், ஆழம், நேரம் எல்லாவற்றையும் லாக் ஷீட்டில் எழுத வேண்டும். இதை இரவு 12 மணியிலிருந்து 4 மணி வரையான வாட்ச் என்ற பணிமுறையில், கப்பல் ஆட ஆட, ஒரு கை கைப்பிடியையும் மறு கை பென்சிலையும் பிடித்தபடி செய்திருக்கிறோம்.

அந்த ஷீட்டின் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஏழாவது குப்பி கசிகிறது, கீழ் மூடி சரியாக உட்காரவில்லை.' '420 மீட்டரில் வின்ச் நின்றது, 11 நிமிடம்.' 'மாதிரி எடுக்கும்போது கனமழை.' 'கம்பி பின்பக்கம் சாய்கிறது.' இப்படி வரிக்கு வரி எழுதியிருப்போம். எங்கள் போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, காசிமேட்டுக்காரர். கம்பி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த ஆழத்தில் நிமிர்கிறது என்று பார்த்தே 'மேல வன்னி, கீழ தெண்டி' என்று சொல்லிவிடுவார். வன்னி என்றால் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் நீரோட்டம், தெண்டி அதற்கு எதிர். நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் மார்ச் வாக்கில் வடக்கே ஓடி அக்டோபருக்குப் பிறகு தெற்கே திரும்பும் என்று நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டோம். அவர் அந்தத் திருப்பத்தைக் கம்பியில் பார்த்தார். அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது அவர் இல்லை. அவர் சொன்னது அந்த மூட்டையில் இருக்கிறது.

சரி, இதெல்லாம் பழைய ஆட்களின் நினைவுகள், அறிவியலுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு ஆராய்ச்சி மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். வடக்கு விரிகுடாவில் ஒரு ஸ்டேஷனில் மட்டும் உப்புத்தன்மை குறைந்த மேல் அடுக்கு 60 மீட்டர் வரை தடித்திருந்தது. அக்கம்பக்கத்து ஸ்டேஷன்களில் அது அவ்வளவு ஆழம் இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் ஒரு சுழலில் சிக்கி அங்கே சேர்ந்திருக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். நம்பக்கூடிய விளக்கம்தான். மழைக்காலத்துக்குப் பிறகு வடக்கு விரிகுடாவின் மேல்பரப்பில் நன்னீர் போர்வை போலப் படர்ந்து கிடப்பது எல்லாருக்கும் தெரிந்தது. கணினிக் கோப்பிலும் அந்த ஸ்டேஷனுக்குத் தரக்குறி 1 போட்டிருந்தது. 1 என்றால் நல்ல தரவு, 4 என்றால் கெட்டது. அவர் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை.

எனக்கு அந்தப் பயணம் நினைவில் இருந்தது, ஸ்டேஷன் நினைவில்லை. இரண்டு பேரும் இதே கீழ்த்தள அறைக்கு வந்து நோட்டைத் தேடி எடுத்தோம். குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி. 'இறங்கும்போது சென்சார் குழாயில் சொறி மாட்டியது. 60 மீட்டர் தாண்டியதும் அளவு சட்டென்று ஏறிச் சரியானது. ஏறும்போது எடுத்த குப்பித் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.' சொறி என்று நம் மீனவர்கள் சொல்வது ஜெல்லி மீனை. கடத்துத்திறனை அளப்பது விரல் நுழையாத ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் வழுவழுப்பாக ஒரு துணுக்கு போய் உட்கார்ந்தால் கருவி உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். 30 மீட்டரில் மூடிய குப்பியின் தண்ணீரை லேபில் அளந்த எண் பக்கத்திலேயே இருந்தது. சென்சார் சொன்னதைவிட ஒன்றரை அலகு அதிகம். கணினிக் கோப்பில் கருவி இறங்கும்போது பதிந்த அளவுகள் மட்டும் இருந்ததால், ஏறும்போது என்ன காட்டியது என்று மாணவிக்குத் தெரிய வழியே இல்லை. அந்தச் சுழல் கடலில் இருந்ததே இல்லை. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவே அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

கணினியில் ஏற்றியாகிவிட்டது என்கிறீர்களே, அது எப்படி நடந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்கள் கொடுத்த நிரலில் எண்களுக்கு இடம் இருந்தது, குறிப்புக்கு இடம் இல்லை. தட்டச்சு செய்த பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, கேட்டதை அடித்துக் கொடுத்தார்கள். உங்களிடம் இருப்பது நோட்டின் இடது பாதி. வலது ஓரம் இன்னும் கோணிப்பைக்குள்தான் இருக்கிறது.

உலகம் முழுக்க இந்தத் துறை இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. கடல் மேற்பரப்பு வெப்பநிலைப் பதிவுகளில் 1945-இல் உலக சராசரி திடீரென்று ஏறக்குறைய 0.3 டிகிரி சரிந்ததாகத் தெரியும். கடல் ஒன்றும் அப்படிக் குளிரவில்லை. போர்க்காலப் பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையவை, இன்ஜினுக்குள் இழுக்கும் தண்ணீரை அளந்தவை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. அவர்கள் வாளியில் மொண்டு அளந்தார்கள், வாளித் தண்ணீர் காற்றில் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். எந்தக் கப்பல், எந்த வாளி என்ற விவரத்தைத் தோண்டி எடுத்து 2008-இல்தான் இதைத் தெளிவாக விளக்கினார்கள்.

எக்ஸ்.பி.டி. கதையும் அப்படித்தான். வெப்பநிலையை அளக்க மயிரிழைச் செம்புக் கம்பியோடு கப்பலிலிருந்து விழும் அந்தச் சின்னக் கருவியில் ஆழத்தை அளக்க எதுவும் கிடையாது. விழுந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறோம். தயாரிப்பாளர் தந்த சூத்திரத்தைவிட வேகமாக அது விழுகிறது, ஆழத்தை 3 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று 1995-இல் உறுதியானது. பழைய பதிவுகளைத் திருத்த, அது எந்த மாடல், அப்போது எந்தச் சூத்திரம் போட்டார்கள் என்று தெரிய வேண்டும். உலகக் களஞ்சியத்தில் எத்தனையோ பதிவுகளுக்கு அந்த ஒரு வரி இல்லை. நம் பயணங்களில் வீசிய ஒவ்வொரு எக்ஸ்.பி.டி.யின் மாடலும் தொடர் எண்ணும் நோட்டில் இருக்கிறது. டப்பாவிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டியே வைத்திருக்கிறோம்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் உண்டு. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றித் தெர்மாமீட்டர்களை ஆழத்தில் இறக்கி அளந்தது. 2012-இல் அந்த அளவுகளை, கடலில் தானே மிதந்து அளக்கும் இன்றைய ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். மேலிருந்து 700 மீட்டர் வரை கடல் சராசரியாக 0.33 டிகிரி சூடாகியிருக்கிறது என்று தெரிந்தது. 135 ஆண்டுக்கும் மேல் பழைய எண்ணை எப்படி நம்பினார்கள்? எந்த இடத்தில், எந்தத் தெர்மாமீட்டர், எவ்வளவு கயிறு விட்டார்கள், ஆழத்தின் அழுத்தத்தில் அந்தத் தெர்மாமீட்டர் எவ்வளவு பிழை காட்டும் என்பது வரை எழுதி அச்சிட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்தாண்டு விதி அவர்களுக்கும் இருந்திருந்தால் அந்தக் கணக்கு இன்று இருக்காது. அந்த விதி வவுச்சருக்கும் டெண்டருக்கும் எழுதியது, ஐயா. போன வாரம் வாங்கிய சென்சாரை நாளைக்கு மறுபடி வாங்கலாம். 1991 அக்டோபர் மாதத்துக் கடலை மறுபடி போய் அளக்க முடியாது.

இப்போதுதான் ஆர்கோ மிதவைகள் இருக்கின்றனவே என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இருக்கின்றன, உலகம் முழுக்க ஏறக்குறைய நான்காயிரம். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு தடவை இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அற்புதமான ஏற்பாடு, நானே அவற்றைக் கடலில் இறக்கியிருக்கிறேன். ஆனால் வருஷக்கணக்கில் கடலில் கிடக்கும் அந்தச் சென்சாரின் அளவு மெல்ல மெல்ல உண்மையிலிருந்து விலகும். அதைத் துடைத்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. உப்புத்தன்மை விலகியிருக்கிறதா என்று எதோடு ஒப்பிடுகிறார்கள்? அதே பகுதியில் கப்பலிலிருந்து எடுத்த, குப்பித் தண்ணீரால் சரிபார்த்த சி.டி.டி. பதிவுகளோடும்தான். மிதவைகள் பெருகப் பெருக நம் நோட்டுகளின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அப்புறம், நனைந்து பாழாகிவிட்டன என்ற பேச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பாபட்லா பக்கம் கரை கடக்கும் முன் நம் ஊரை முக்கிவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். ஆனால் நான் அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். தாள் அலை அலையாக நெளிந்திருக்கிறது. ஓரங்களில் பூஞ்சை. ஸ்டாம்ப் பேட் மை ஊறி ஊதாவாகப் படர்ந்திருக்கிறது. தலைமை விஞ்ஞானி மைப்பேனாவால் போட்ட கையெழுத்து கரைந்தே போய்விட்டது. நாங்கள் எழுதிய ஒரு எண்கூடக் கரையவில்லை. டெக்கில் மழையும் அலைத்தெறிப்பும் படும் என்பதால் லாக் ஷீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது முதல் பயணத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பென்சில் கரி தண்ணீரில் கரையாது. 'குப்பி 7 கசிகிறது' என்று இன்றும் பளிச்சென்று படிக்க முடிகிறது. தெர்மல் தாளில் அச்சான சுருள்கள் சில வெளுத்திருக்கலாம், அவற்றைப் பற்றி மட்டும் எனக்கும் கவலை உண்டு. அதனால்தான் அவசரம்.

சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். வங்காள விரிகுடாவின் நன்னீர் மேலடுக்கு கீழே இருக்கும் குளிர்ந்த நீரோடு எளிதில் கலக்காது. அந்த மேலடுக்கு சூடாகவே இருந்து புயலுக்குத் தீனி போடும். அது எவ்வளவு தடிமன், வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகிறது என்று அறிய நீண்ட காலப் பதிவு வேண்டும். வர்தா அடித்த 2016-க்கு முன்பும் பின்பும் இந்தக் கடல் எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டாமா?

என் கோரிக்கைகளை எழுதுகிறேன்.

முதலில், மாதக் கடைசியில் வரவிருக்கும் வண்டியை எழுத்து மூலம் நிறுத்துங்கள். பத்தாண்டு விதி கடல் அளவீட்டுப் பதிவேடுகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி ஆணை போடுங்கள், அடுத்து வரும் குழு மறுபடி இதே தவறைச் செய்யாமல் இருக்க.

மூட்டைகளைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு மாற்றுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், மின்விசிறிக் காற்றில் பக்கம் பக்கமாக உலர்த்தினால் போதும். தெர்மல் தாள் சுருள்களை இருட்டான இடத்தில் தனியாக வைத்து அவற்றை முதலில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய ஃபிளாப்பிகளையும் காந்த நாடாக்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் முழுசாகப் படம் எடுக்க வேண்டும். குறிப்புக் கட்டத்தைத் தட்டச்சு செய்து, பயண எண்ணும் ஸ்டேஷன் எண்ணும் பார்த்து அந்தந்தத் தரவுக் கோப்போடு இணைக்க வேண்டும். குறிப்பு முரண்படும் இடங்களில் தரக்குறியைத் திருத்த வேண்டும். இதற்குப் பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். என்னோடு கப்பல் ஏறிய, ஓய்வுபெற்ற ஆறு பேரிடம் பேசிவிட்டேன். கூலி வேண்டாம், ஓர் அறையும் இரண்டு மேசையும் தாருங்கள், வாரத்துக்கு மூன்று நாள் வருகிறோம். எங்கள் கையெழுத்தையும், எங்கள் சுருக்கச் சொற்களையும், போசனின் வன்னியையும் தெண்டியையும் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது நாங்கள்தான். இன்னும் பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டால் வர எத்தனை பேர் இருப்போம் என்று சொல்ல முடியாது.

படம் எடுத்து முடிந்த பிறகும் நோட்டுகளை அழிக்காதீர்கள். பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இனி நடக்கும் பயணங்களின் மின்னணு லாக்கில் குறிப்புக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாதபடி செய்யுங்கள்.

இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை அந்த அறையைப் பூட்டிச் சாவியை நூலகரிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உதவியாளர்,
ராயபுரம், சென்னை